டீலர் பதிவுக்குப் போட்டுவிட்டால் பெயர் அவருடையதாகிவிடுமா?

கேள்வி: ஐயா, ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மசாலாப் பொடி தயாரித்து விற்கிறேன். 2014-இல் வீட்டிலேயே ஒரு சிறிய அரவை இயந்திரம் வைத்துத் தொடங்கினேன். மாமியாரின் கைப்பக்குவம் என்பதால் அவர் பெயரையே பொடிக்கு வைத்தேன். இன்று பதினோரு பெண்கள் என்னோடு வேலை செய்கிறார்கள். சாம்பார் பொடி, மிளகாய்த் தூள், மஞ்சள் தூள் போக, செக்குக் கடலை எண்ணெயும் போடுகிறோம். 2018 முதல் கோவையில் ஒருவர் எங்கள் சரக்கை வாங்கிக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. பாக்கித் தொகை தகராறில் சென்ற ஆண்டு அவருக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்தினோம். இப்போது அதே பெயரில் அவரே பொடி அரைத்து விற்கிறார். பாக்கெட்டும் எங்களுடையது போலவே இருக்கிறது. பெயரைப் பதிவு செய்துவிட்டதாகவும், பதினைந்து நாளில் நாங்கள் நிறுத்தாவிட்டால் வழக்குப் போட்டு 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்பேன் என்றும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கடைக்காரர்களுக்கும் கடிதம் போயிருக்கிறது. மூன்று கடைகள் சரக்கைத் திருப்பிவிட்டன. ஆன்லைன் விற்பனைத் தளத்திலும் எங்கள் பொருட்களை நீக்கிவிட்டார்கள். ‘முன்னால் நியூ என்று சேர்த்துக்கொண்டு பிழைப்பைப் பார்’ என்கிறார் உறவினர் ஒருவர். மலேசியாவிலிருந்து முதல் ஆர்டர் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. பெயர் எங்கள் கையைவிட்டுப் போய்விட்டதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெயர் போகவில்லை. ஆனால் அடுத்த இரண்டு மாதங்களை வீணாக்கினால் போகக்கூடும். அதனால் ஆறுதல் சொல்வதைக் குறைத்துக்கொண்டு நேரே வேலைக்கு வருகிறேன்.

நோட்டீஸின் நகலை அனுப்பியது நல்லதாயிற்று. அதில் உள்ள விண்ணப்ப எண்ணை, வணிகப் பெயர்களையும் குறிகளையும் பதிவு செய்யும் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்தேன். இதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. அவர் பதிவு பெற்றுவிட்டதாக எழுதியிருப்பது உண்மையல்ல. விண்ணப்பித்திருக்கிறார். பதிவகம் அதை முதற்கட்டமாக ஏற்று டிரேட்மார்க் இதழில் விளம்பரம் செய்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. ‘இந்தப் பெயரை இவருக்குப் பதிவு செய்து கொடுக்கப்போகிறோம், ஆட்சேபம் இருப்பவர்கள் சொல்லலாம்’ என்று ஊரறியக் கேட்பதுதான் அந்த விளம்பரம். ஆட்சேபம் சொல்ல 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 21-ஆவது பிரிவு 4 மாத அவகாசம் தருகிறது. அதில் ஏறக்குறைய பாதி ஓடிவிட்டது. மீதியும் ஓடிவிட்டால், ஒரு நாள் பிந்திப் போனாலும் பதிவாளரால் உங்கள் மனுவை வாங்க முடியாது.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு விவரங்கள் கண்ணில் பட்டன. அவர் விண்ணப்பித்திருப்பது, நீங்கள் சரக்கை நிறுத்தியதாகச் சொல்லும் மாதத்துக்கு அடுத்த மாதம். பெயரை எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில், இனிமேல்தான் பயன்படுத்த உத்தேசம் என்று குறித்திருக்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு மேல் உங்கள் பொடியை அதே பெயரில் வாங்கி விற்றவர், அந்தப் பெயர் தனக்குப் புதிது என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதைவிடப் பெரிய உதவியை அவர் உங்களுக்குச் செய்ய முடியாது. அந்தப் பக்கத்தையும், அவருடைய விண்ணப்பத்தையும், விண்ணப்பத்தைப் பரிசீலித்துப் பதிவகம் அனுப்பிய ஆய்வறிக்கைக்கு அவர் கொடுத்த பதிலையும் இன்றே பதிவிறக்கி அச்செடுத்து வையுங்கள்.

இனி உரிமை யாருக்கு என்ற கேள்வி. நம் நாட்டுச் சட்டம் பெயரை முதலில் நேர்மையாகப் பயன்படுத்தியவரைத்தான் முன்னால் நிறுத்துகிறது. முதலில் விண்ணப்பித்தவர் அவருக்குப் பின்னால்தான் வருவார். ஒருவர் பதிவே பெற்றுவிட்டாலும், அவருக்கு முன்பிருந்து அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்திவருபவரை அவரால் தடுக்க முடியாது என்கிறது 34-ஆவது பிரிவு. வேறொருவர் தம் சரக்கை இவருடைய சரக்கு என்று நம்பவைத்து விற்றால், பதிவு இல்லாதவரும் வழக்குப் போடலாம். இதை வக்கீல்கள் ‘பாஸிங் ஆஃப்’ வழக்கு என்பார்கள். 27-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தனியாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் மங்கலான விளக்கொளியில் வியாபாரம் நடந்த கடை அது. பெயரை வைத்தவர்கள் அல்வா வாங்க வந்த மக்கள். அந்தப் பெயருக்கு முன்னால் ‘திருநெல்வேலி’ என்று சேர்த்து இன்னொருவர் விற்கத் தொடங்கினார். அவரிடமும் பதிவு இருந்தது. ‘நானும் பதிவு பெற்றவன்தானே, என்னை எப்படித் தடுப்பீர்கள்?’ என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015-இல் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. முதலில் பயன்படுத்தியவரின் உரிமை, பதிவு தரும் உரிமையைவிட மேலானது என்று நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. உங்கள் வக்கீல் முதல் நாளே மேற்கோள் காட்ட வேண்டிய தீர்ப்பு இது.

இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். டொயோட்டா நிறுவனம் ‘பிரியஸ்’ என்ற காரை 1997-இல் ஜப்பானில் அறிமுகம் செய்தது. டெல்லியில் வாகன உதிரிபாகம் விற்ற ஒரு நிறுவனம் அந்தப் பெயரை 2002-இல் இங்கே பதிவு செய்துகொண்டது. 2009-இல் டொயோட்டா வழக்குப் போட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் ‘பிரியஸ்’ பெயரைப் பொறுத்தவரை தோற்றது. பதிவு நடந்த காலத்திலேயே இந்திய மக்களிடம் அந்தப் பெயருக்குப் போதிய மதிப்பு இருந்தது என்பதற்கு ஆதாரம் போதவில்லை. வழக்குக்கு வந்ததும் தாமதம். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், நமக்கு எது முக்கியம் என்று புரியும்.

உங்கள் கடிதத்தில் 2014 என்பது ஒரு வரியில் வந்து போகிறது. நீதிமன்றத்தில் அந்த ஆண்டு ஒரு கட்டுக் காகிதமாக வந்து நிற்க வேண்டும். எல்லாக் காகிதமும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின் கட்டண ரசீதும் கட்டட வாடகைச் சீட்டும் நீங்கள் தொழில் நடத்தினீர்கள் என்று காட்டும். அந்தப் பெயரில் பொடி விற்றீர்கள் என்று காட்டாது. பெயரும் தேதியும் விற்பனையும் ஒன்றாகத் தெரியும் காகிதம் வேண்டும். சிறு வியாபாரிகளின் பில் புத்தகத்தில் ‘மசாலா 20 கிலோ’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள், பிராண்டு பெயர் இருக்காது. உங்கள் பழைய பில்களும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் லேபிள் அச்சடித்த அச்சகத்தைத் தேடிப் போங்கள். அந்தப் பெயரைப் போட்டு 2014-இல் லேபிளோ கவரோ அச்சடித்துக் கொடுத்த பில்லும், அச்சகத்தில் கிடக்கும் பழைய மாதிரியும் கிடைத்தால், உங்கள் மொட்டை பில்களுக்கு உயிர் வந்துவிடும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் முதன்முதலாகப் பெற்ற எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவுச் சான்று, மகளிர் குழுக் கண்காட்சிகளில் கடை போட்டதற்குக் கட்டிய ரசீது, உள்ளூர்ப் பத்திரிகையிலோ கோயில் விழா மலரிலோ கொடுத்த விளம்பரம், கல்யாண வீட்டு ஆர்டர் சீட்டு, பழைய பேஸ்புக் பதிவுகள் எல்லாம் சேரட்டும். ஜிஎஸ்டி 2017 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குக் கார்பன் பிரதி பில் புத்தகம்தான் பேசும். பரணில் இருந்தால் இறக்குங்கள். கரையான் அரித்த பக்கத்தையும் எறிய வேண்டாம். அதோடு இந்தப் பெயரில் ஆண்டுவாரியாக எவ்வளவுக்கு விற்றீர்கள், விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒரு சான்று வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட வலுவானது அவரே உங்களுக்கு எழுதியவை. ஆர்டர் போட்ட வாட்ஸ்அப் செய்திகள், உடைந்த பாக்கெட்டுக்குக் கழித்துக்கொண்ட டெபிட் நோட்டு, கடைகளுக்கு அவர் போட்ட பில்லில் உங்கள் பிராண்டு பெயர் இருக்கும் வரி என எதுவும் விடுபடக் கூடாது. உங்களிடமிருந்து அந்தப் பெயரில் சரக்கு வாங்கியதாக அவர் கைப்பட எழுதிய ஒரு சீட்டு, உங்கள் தரப்பில் பத்துப் பேர் வந்து சாட்சி சொல்வதற்குச் சமம். அந்தச் செய்திகள் இருக்கும் கைப்பேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், ஒரு செய்தியையும் அழிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் ஒன்றும் இணைக்க வேண்டும். அந்தக் கைப்பேசி உங்களிடம் இருந்தால்தான் வேலை சுலபமாக முடியும்.

ஈரோட்டுக்காரர் என்பதால் மஞ்சளையே நினைவுபடுத்துகிறேன். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்தது, 1997-இல் ரத்தானது. நம் பாட்டிமார்கள் அனைவருக்கும் தெரிந்த விஷயம் என்று சொன்னதால் மட்டும் ரத்தாகவில்லை. பழைய சம்ஸ்கிருத நூலையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் எடுத்து முன்வைத்ததால் ரத்தானது.

ஆதாரம் திரண்டதும் செய்ய வேண்டியவை வரிசையாக வரும். முதலாவது எதிர்ப்பு மனு. டிஎம்-ஓ என்ற படிவத்தில் ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு (பதிவுக்காகப் பொருட்களை வகை பிரித்து எண் கொடுத்திருப்பதுதான் வகுப்பு) அரசுக் கட்டணம் 2,700 ரூபாய். வக்கீல் கட்டணம் தனி. மனுவின் பிரதி கிடைத்த இரண்டு மாதத்துக்குள் அவர் பதில் அறிக்கை போட வேண்டும். போடாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். நோட்டீஸ் அனுப்பி மிரட்டும் பலர் இந்தக் கட்டத்தில் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். மனுவில் உங்கள் முதல் பயன்பாட்டைச் சொல்லுங்கள். கூடவே கெட்ட எண்ணத்தோடு போட்ட விண்ணப்பம் என்பதையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் மாமியாரின் பெயர் கோவையில் இருக்கும் அவருக்கு எப்படித் தோன்றியது? அவர் குடும்பத்தில் அந்தப் பெயரில் யாராவது உண்டா? இந்தக் கேள்விக்கு அவரிடம் நேர்மையான விடை இருக்க முடியாது.

இரண்டாவது, உங்கள் சொந்த விண்ணப்பம். இதை எதிர்ப்பு மனு போடும் அதே வாரத்தில் போடுங்கள். படிவம் டிஎம்-ஏ. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மசாலாவும் மஞ்சள் தூளும் 30-ஆவது வகுப்பில் வரும், சமையல் எண்ணெய் 29-இல் வரும். அவர் 30-இல் மட்டும்தான் விண்ணப்பித்திருக்கிறார். நீங்கள் இரண்டிலும் போடுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. அவசரத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர்கள், பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் இணைக்கும் சிரமத்தைத் தவிர்க்க ‘பயன்படுத்த உத்தேசம்’ என்று போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் அவருடைய குழியில் நீங்களும் விழுந்துவிடுவீர்கள். பயன்பாட்டுத் தேதியை 2014 என்று எழுதி, அதற்கான பிரமாணப் பத்திரத்தை ஆதாரங்களோடு இணைத்துவிட்டார்களா என்று சமர்ப்பிக்கும் முன்பு நீங்களே படித்துப் பாருங்கள். ஆதாரம் 2015-இலிருந்துதான் கிடைக்கிறது என்றால் 2015 என்றே எழுதுங்கள். நிரூபிக்க முடியாத ஒரு தேதி மற்ற எல்லாத் தேதிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

அவருடைய விண்ணப்பம் முன்னால் நிற்பதால் உங்கள் விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் எழுதி ஆய்வறிக்கை வரும். பயப்படாதீர்கள். முதல் பயன்பாட்டையும் எதிர்ப்பு மனு நிலுவையில் இருப்பதையும் காட்டி 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். அறிக்கை மின்னஞ்சலுக்குத்தான் வரும், ஆகவே விண்ணப்பம் போட்டுத்தரும் முகவரின் மின்னஞ்சலோடு உங்களுடையதையும் கொடுங்கள்.

எதிர்ப்பு மனுவால் அவருடைய பதிவுதான் தடைப்படும். கடையில் அவருடைய பாக்கெட் விற்பது நிற்காது. அதை நிறுத்த நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்க வேண்டும். அதற்குத்தான் முன்னே சொன்ன பாஸிங் ஆஃப் வழக்கு. பதிவு பெற்றவராக இருந்தால் நீங்கள் தொழில் செய்யும் ஊரிலேயே வழக்குப் போட 134-ஆவது பிரிவு வழி செய்திருக்கும். பதிவு இல்லாததால் அந்தச் சலுகை இல்லை. அவர் இருக்கும் ஊரிலோ, தவறு நடந்த ஊரிலோதான் போடலாம். எனவே ஈரோட்டில் அவருடைய பாக்கெட் விற்கும் கடை ஒன்றில், உங்களுக்குத் தெரிந்த ஒருவர் போய் இரண்டு பாக்கெட் வாங்கட்டும். பிராண்டு பெயர் போட்ட பில்லைக் கேட்டு வாங்கட்டும். பாக்கெட்டைப் பிரிக்காமல், தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் தெரியும்படி படமெடுத்து, பில்லோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். வழக்கை ஈரோட்டில் நடத்தலாமா, கோவைக்கு அலைய வேண்டுமா என்பதை அந்தப் பில் முடிவு செய்யும்.

இத்தகைய வழக்குகள் வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரும். அவசரத் தடை கேட்காத வழக்காக இருந்தால் முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். அவசரம் என்று சொல்லிப் போகிறவர் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டுப் போனால் நீதிபதி முதலில் கேட்பது அதைத்தான். போலீஸில் புகார் கொடுங்கள் என்றும் சிலர் சொல்வார்கள். டிரேட்மார்க் விஷயத்தில் சோதனையிட்டுப் பறிமுதல் செய்ய டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அதற்கு முன் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். உங்கள் நிலையில் அந்த வழி காலத்தைத்தான் தின்னும்.

நோட்டீஸுக்கு வருகிறேன். இந்த மாதிரி நோட்டீஸ்களைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. எதிராளியின் பயத்தை மட்டுமே நம்பி எழுதப்படுபவை இவை. பதிவு பெறாத ஒருவர் டிரேட்மார்க் மீறல் வழக்கே போட முடியாது, நஷ்டஈடும் கேட்க முடியாது. பதிவு ஆனதாகப் பொய் சொல்லி மிரட்டினால், மிரட்டப்பட்டவர் 142-ஆவது பிரிவின்கீழ் வழக்குப் போட்டு, அந்த மிரட்டலுக்குத் தடையும், அதனால் நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடும் கேட்கலாம். கடைக்காரர்களுக்குப் போன கடிதமும் இதில் சேரும். திருப்பி வந்த சரக்கின் கணக்கையும், அந்தக் கடைகளுக்குப் போன கடிதத்தின் பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் இருக்கக் கூடாது. பதிவு கிடைத்துவிட்டால் அது விண்ணப்பத் தேதியிலிருந்தே செல்லும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் சுருக்கமாக இருக்கட்டும். முதல் பயன்பாடு, அவர் உங்கள் டீலராக இருந்தது, விண்ணப்பம் பதிவாகவில்லை என்பது, இந்த மூன்றும் போதும். கையில் இருக்கும் ஆதாரத்தையெல்லாம் அதில் கொட்ட வேண்டாம்.

பதில் அனுப்புவதற்கு முன்பே கேவியட் மனு போட்டுவிடுங்கள். அவர் போகக்கூடிய கோவை, ஈரோடு நீதிமன்றங்களிலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் போடச் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் ஒருதலைப்பட்சமாகத் தடை வாங்குவதை அது தடுக்கும். 90 நாள் செல்லும், பிறகு புதிதாகப் போட வேண்டும்.

கடைக்காரர்களைத் திட்டாதீர்கள். அவர்களுக்கு வழக்கு என்றாலே அச்சம். ஒரே பக்கத்தில், பதிவகப் பக்கத்தின் அச்சுப் பிரதியோடு, ‘அந்தப் பெயர் இன்னும் பதிவாகவில்லை, எதிர்ப்பு மனு இந்த எண்ணில் நிலுவையில் இருக்கிறது, 2014 முதல் நாங்கள் விற்கிறோம்’ என்று கடிதம் கொடுங்கள். அவரைத் திருடன் என்று ஒரு சொல் எழுதினாலும் அவதூறு வழக்கு என்று கிளம்புவார், ஆகவே உண்மைகள் மட்டும் இருக்கட்டும். நேரில் நீங்களே போய்க் கொடுங்கள். உங்கள் கையிலிருந்து பத்து ஆண்டாகச் சரக்கு வாங்கிய கடைக்காரருக்கு உங்கள் முகம் தரும் நம்பிக்கை வக்கீல் கடிதத்தால் வராது. ஆன்லைன் தளம் யார் பெயர் என்று தீர்ப்புச் சொல்லாது. புகார் வந்தால் நீக்கும், எதிர்ப் புகார் ஆதாரத்தோடு வந்தால் மறுபரிசீலனை செய்யும். எஃப்எஸ்எஸ்ஏஐ சான்று, பழைய பில்கள், எதிர்ப்பு மனு எண் ஆகியவற்றை இணைத்து எழுதுங்கள். முதல் பதில் எந்திரத்தனமாக மறுப்பாகத்தான் வரும், விடாமல் மேல்முறையீடு செய்யுங்கள்.

உங்கள் உறவினர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் ‘நியூ’ போடவே கூடாது. போட்ட அன்றே பழைய பெயர் அவருடையது என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். தொடர்ந்து பயன்படுத்துவதுதான் 34-ஆவது பிரிவில் உங்களுக்குப் பிடிமானம். இடையில் பெயரை மாற்றினால் அந்தத் தொடர்ச்சியே அறுந்துபோகும். இப்போது இருக்கும் பெயரிலேயே, இப்போது இருக்கும் எழுத்து வடிவிலேயே விற்றுக்கொண்டிருங்கள். பெயருக்குப் பக்கத்தில் ‘டிஎம்’ என்று சிறிதாகப் போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ போடும் குறி பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. பதிவுக்கு முன் போடுவது சட்டப்படி தவறு, அவருக்கும்தான்.

அவரிடமிருந்து சமாதானத் தூது வரலாம். ‘இவ்வளவு கொடுத்தால் பெயரை விட்டுத் தருகிறேன்’ என்பார். உங்கள் பெயரை நீங்களே விலைக்கு வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாக்கித் தகராறையும் பெயர்த் தகராறையும் ஒரே பேச்சில் கலக்கவும் விடாதீர்கள். விண்ணப்பத்தை அவர் எழுத்தில் திரும்பப் பெற வேண்டும், அல்லது உங்கள் பெயருக்கு மாற்றி எழுதித் தர வேண்டும். இருக்கும் லேபிள்களையும் கவர்களையும் அழிக்க வேண்டும், அந்தப் பெயரில் சமூக ஊடகப் பக்கமோ இணைய முகவரியோ வைத்திருந்தால் ஒப்படைக்க வேண்டும். இவை இல்லாத சமாதானம் ஓராண்டில் மறுபடி தகராறாகும்.

பாக்கெட்டின் படத்தைப் பார்த்தேன். பச்சைக் கரையும் உரலும் உலக்கையும் நடுவில் அம்மையாரின் முகமும் அழகாக இருக்கின்றன. அதை வரைந்தவர் யார்? அந்தச் சித்திரத்துக்குப் பதிப்புரிமை தனியாக உண்டு. வெளியாள் வரைந்து கொடுத்திருந்தால், நீங்கள் பணம் கொடுத்ததால் மட்டும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எழுத்தில் மாற்றித் தர வேண்டும். அதில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். மலேசியாவுக்குப் போகும் பாக்கெட்டுக்கு அது போதாது. எனவே பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் என்று எழுதி வாங்குங்கள். டீலரின் பக்கம் அந்த ஓவியரோ வடிவமைப்பாளரோ போய்விடுவதற்குள் இந்த வாரமே அவரைப் பாருங்கள். பெயர் வழக்கில் கால தாமதம் ஆனாலும், பாக்கெட்டைக் காப்பியடித்ததற்குப் பதிப்புரிமை வழியில் தனியாகத் தடை கேட்கலாம். எனக்கு உங்கள் வழக்கில் மிகவும் நம்பிக்கை தருவது இந்தப் பாக்கெட்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீதிபதிக்கு விளக்கமே வேண்டியதில்லை.

மஞ்சள் தூள் பாக்கெட்டில் ‘ஈரோடு மஞ்சள்’ என்று போட்டிருக்கிறீர்கள். 2019 முதல் அது புவிசார் குறியீடு பெற்ற பெயர். உங்கள் மஞ்சள் ஈரோட்டு மஞ்சளாகவே இருந்தாலும், சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிந்துகொள்வது நல்லது. அடுத்தவர் மீது வழக்குப் போகும் நேரத்தில் நம் பக்கம் எதுவும் தொங்கலில் இருக்கக் கூடாது.

மலேசிய ஆர்டரை நிறுத்த வேண்டாம். ஆனால் டிரேட்மார்க் உரிமை நாட்டுக்கு நாடு தனி. இங்கே வென்றாலும் அங்கே தானாகச் செல்லாது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிரேட்மார்க் பதிவு கேட்க வழி செய்யும் மாட்ரிட் ஒப்பந்தத்தில் இந்தியா 2013 முதலும் மலேசியா 2019 முதலும் உறுப்பினர்கள். அதன் வழியாக இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சர்வதேசப் பதிவு முதல் ஐந்து ஆண்டுகள் இந்திய விண்ணப்பத்தைச் சார்ந்தே நிற்கும். இங்கே தகராறில் இருக்கும் விண்ணப்பம் விழுந்தால் அங்கேயும் விழும். எனவே மலேசியாவில் நேரடியாகவே போடுங்கள். இந்தியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட்டால், இந்தியத் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கேட்டுப் பெறலாம். அங்கே சரக்கை எடுக்கப்போகும் இறக்குமதியாளரின் பெயரில் போட விடாதீர்கள். ‘உள்ளூர்க்காரர் பெயரில் இருந்தால் சுலபம்’ என்று அவர் சொல்லக்கூடும். கோவையில் நடந்தது கோலாலம்பூரிலும் நடக்க அது போதும்.

அந்த இறக்குமதியாளரோடு போடும் ஒப்பந்தத்தில், பெயரும் லேபிளும் உங்களுடையவை, விற்க மட்டுமே அவருக்கு அனுமதி, உறவு முறிந்தால் மறுநாளே பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும், எந்த நாட்டிலும் தன் பெயரில் பதியக் கூடாது என்ற வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். உள்நாட்டு டீலர்களிடமும் இதே வரிகளில் கையெழுத்து வாங்குங்கள். பழகிய மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். பதிவு பெற்ற பெயரை முகவர் ஒருவர் தன் பெயருக்கு எழுதிக்கொண்டால், அது தெரியவந்த மூன்று ஆண்டுக்குள் அதை ரத்து செய்யவோ தன் பெயருக்கு மாற்றவோ உரிமையாளர் கேட்க 146-ஆவது பிரிவு இடம் தருகிறது. பதிவு பெற்றவருக்கு மட்டுமே அது பயன்படும். உங்கள் பதிவு வந்ததும் அந்தப் பாதுகாப்பும் உங்களுக்குச் சேரும்.

பொடியின் அளவுப் பக்குவத்தை எங்கும் பதிவு செய்ய வேண்டாம், எந்த மனுவிலும் எழுத வேண்டாம். வியாபார ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, ரகசியமாக வைத்திருந்தால்தான் அது ரகசியம். வறுக்கும் பக்குவமும் கலவை அளவும் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கணக்கெடுத்து, அவர்களிடம் ரகசியக் காப்பு உறுதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸ் வந்த கவரையும் எடுத்துப் போங்கள், அஞ்சல் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும். அவருடைய இரண்டு பாக்கெட், உங்களுடைய இரண்டு பாக்கெட், பதிவகப் பக்கத்தின் அச்சுப் பிரதி, கிடைத்தவரை பில்கள், அந்தக் கைப்பேசி இவையும் போதும். எல்லா ஆதாரமும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எதிர்ப்பு மனுவை முதலில் போட்டுவிடலாம், சாட்சிய ஆவணங்களைத் தாக்கல் செய்யத் தனிக் கட்டம் பின்னால் வரும். டிரேட்மார்க் வழக்கு நடத்திப் பழக்கமுள்ளவரா என்று கேட்டுக்கொண்டு, வரும் திங்கட்கிழமைக்கே நேரம் வாங்குங்கள்.